யோட்டுன்ஹைமன் மலையில் குடில் விட்டுக் குடில் நடத்தல்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

நார்வேயின் தென்பகுதியில் உள்ள யோட்டுன்ஹைமன் மலைப்பகுதியில், ஒரு குடிலில் உறங்கி எழுந்து, பகல் முழுதும் நடந்து, மாலையில் அடுத்த குடிலை அடைந்து, கூடாரமோ அடுப்போ சுமக்காமல் ஒரு வாரத்தை மலையிலேயே கழிக்க முடியும். பாதையைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. கற்குவியல்களிலும் பாறைகளிலும் சிவப்பு நிறத்தில் ‘டி’ எழுத்தை வரைந்து வழி காட்டியிருக்கிறார்கள். சிரமமெல்லாம் புறப்படுவதற்கு முன்பே வருகிறது. படுக்கை, பேருந்து, படகு, விசா ஆகிய நான்கின் தேதிகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அவற்றை எந்த வரிசையில் செய்வது என்று ஒரே இடத்தில் எழுதியிருப்பவர்கள் குறைவு. பல நார்வீஜியப் பக்கங்களை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, துண்டு துண்டாகச் சேர்த்துப் புரிந்துகொண்டவற்றை உங்களுக்காக இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து விசா எடுத்து வருபவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஆஸ்லோவிலோ ஐரோப்பாவின் வேறு நகரங்களிலோ வாழும் தமிழர்கள், செங்கன் நாடு (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுள் ஒன்று) ஒன்றின் வதிவிட அனுமதி வைத்திருந்தால், விசா பற்றிய ஐந்தாம் படியைத் தாண்டிச் செல்லலாம்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நம் ஊர்ப் பள்ளி விடுமுறையாகிய ஏப்ரல், மே மாதங்களில் இந்த நடைக்கு வர முடியாது. அப்போது மலை முழுதும் பனி மூடியிருக்கும். ஈஸ்டரை ஒட்டிச் சில குடில்கள் பனிச்சறுக்கு வீரர்களுக்காகத் திறந்து, பிறகு மூடிவிடும். பணியாளர்கள் இருக்கும் குடில்கள் கோடைக்காக ஜூன் பிற்பகுதியில் திறந்து, செப்டம்பர் நடுப்பகுதி வரை இயங்குகின்றன. ஒவ்வொரு குடிலுக்கும் திறக்கும் தேதியும் மூடும் தேதியும் வேறு என்பதால், தனித்தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

குடில் திறந்துவிட்டது என்பதால் பாதையும் நடக்கத் தகுந்ததாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஜூலை முதல் வாரத்திலும் உயரமான கணவாய்களில் பனித்திட்டுகள் இருக்கும். பனி உருகும் நாட்களில் ஓடைகள் பெருகி ஓடும். ஓடைகளின் குறுக்கே கோடையில் மட்டும் பொருத்தி, இலையுதிர் காலத்தில் கழற்றிவிடும் பாலங்களும் உண்டு. புதியவர்களுக்கு ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரையிலான காலமே ஏற்றது. அதிலும் ஜூலையில் நார்வே மக்கள் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் விடுமுறையில் இருப்பதால் குடில்கள் நிரம்பி வழியும். எனவே, தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், ஆகஸ்ட் இரண்டாம், மூன்றாம் வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் மலைச்சரிவுகள் செந்நிறமாக மாறி மிக அழகாக இருக்கும். ஆனால் பகல் குறுகிவிடும், முதல் பனியும் விழக்கூடும். அதை இரண்டாவது பயணத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

2. வழியைத் தேர்ந்தெடுங்கள்

யெண்டெ என்ற ஏரி, யோட்டுன்ஹைமனின் கிழக்குப் பகுதியில் 984 மீட்டர் உயரத்தில் 18 கிலோமீட்டர் நீளத்திற்குக் கிடக்கிறது. அதன் கிழக்கு முனையில் யெண்டெஸ்ஹைம் குடிலும், வடகரையின் நடுவில் மெமுருபூவும், மேற்கு முனையில் யெண்டெபூவும் உள்ளன. (தேடும்போது நினைவில் கொள்ளுங்கள்: யெண்டெ என்று ஒலிக்கும் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஜி, ஜே என்று தொடங்கும்.) நான் பரிந்துரைக்கும் வட்டப்பாதை இதுதான்:

முதல் நாள் யெண்டெஸ்ஹைமிலிருந்து கிளிட்டர்ஹைம், ஏறத்தாழ 22 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம்.
இரண்டாம் நாள் கிளிட்டர்ஹைமிலிருந்து ஸ்பிட்டர்ஸ்தூலன், ஏறத்தாழ 17 கிலோமீட்டர், ஆறு மணி நேரம்.
மூன்றாம் நாள் ஸ்பிட்டர்ஸ்தூலனிலிருந்து லெயிர்வாஸ்பூ, ஏறத்தாழ 16 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம்.
நான்காம் நாள் லெயிர்வாஸ்பூவிலிருந்து யெண்டெபூ, ஏறத்தாழ 19 கிலோமீட்டர், ஆறு மணி நேரம்.
ஐந்தாம் நாள் யெண்டெபூவிலிருந்து மெமுருபூ, ஏறத்தாழ 10 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம்.
ஆறாம் நாள் மெமுருபூவிலிருந்து பெஸ்ஸெகன் முகட்டின் வழியே யெண்டெஸ்ஹைம், ஏறத்தாழ 14 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம்.

இந்த நேரக் கணக்கில் உணவுக்கும் ஓய்வுக்கும் நிற்கும் நேரம் சேரவில்லை. குடில்களில் எழுதியிருக்கும் நேரம் மலையில் நடந்து பழகிய நார்வே நாட்டவரின் நடைக்கு ஏற்றது. நீங்கள் முதன்முறை செல்பவரானால் அதனுடன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

திசையை மாற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பெஸ்ஸெகன் என்பது ஒருபுறம் யெண்டெ ஏரியும் மறுபுறம் பெஸ்வாட்னெட் ஏரியுமாக இருக்கும் குறுகிய பாறைமுகடு. மெமுருபூவிலிருந்து வந்தால் அதன் செங்குத்தான பகுதியில் கைகளை ஊன்றி ஏறுவீர்கள்; எதிர்த் திசையில் வந்தால் அதே இடத்தில் பாதாளத்தைப் பார்த்தபடி இறங்க வேண்டும். உயரத்தைக் கண்டு அஞ்சுபவருக்கு ஏறுவதே எளிது. ஐந்தாம் நாளின் புக்கெலேகரெட் சரிவுக்கும் இதே நியாயம் பொருந்தும். யெண்டெபூவிலிருந்து வருபவர் அதில் ஏறுகிறார், எதிரே வருபவர் இறங்குகிறார். இறங்குவதுதான் கடினம், மழை பெய்திருந்தால் ஆபத்தும்கூட. மழை நாளில் அந்தப் பகுதியைக் கைவிட்டு யெண்டெபூவிலிருந்து மெமுருபூவுக்குப் படகில் சென்றுவிடுங்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். பெஸ்ஸெகனுக்கு மேலுள்ள வெஸ்லெஃபியெல்லெட் 1,743 மீட்டர்தான். உதகமண்டலம் அதைவிட உயரத்தில், 2,240 மீட்டரில் இருக்கிறது. எனவே உயர்மலை நோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து நடையை எளிதாக எடைபோட்டுவிடாதீர்கள். வடதுருவத்தை நோக்கி அவ்வளவு தொலைவில் இருப்பதால் இங்கே ஆயிரம் மீட்டரைத் தாண்டியதும் மரங்கள் முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. கால்களைக் களைப்படையச் செய்வதும் ஏற்றத்தைவிடக் கற்களே. மணிக்கணக்கில் தளர்ந்து கிடக்கும் பாறைத்துண்டுகளின் மேல் அடியெடுத்து வைக்க வேண்டியிருக்கும். வெள்ளியங்கிரியிலோ பர்வதமலையிலோ முதுகில் பத்துக் கிலோ சுமையுடன் ஏறி இறங்கிப் பார்த்து, மறுநாளும் நடக்க முடிகிறதா என்று சோதித்துக்கொள்வது நல்ல பயிற்சி. மறுநாள் நடக்க முடிவதுதான் இங்கே கணக்கு.

ஆறு நாள் அதிகம் என்று தோன்றினால், காலைப் படகில் யெண்டெபூ சென்று தங்கி, மறுநாள் மெமுருபூ, அதற்கு மறுநாள் பெஸ்ஸெகன் என்று இரண்டு இரவுகளில் முடித்துக்கொள்ளலாம். முதன்முறை செல்பவர் இதோடு நிறுத்திக்கொண்டாலும் குறையேதும் இல்லை.

3. குடில்களின் வகைகளையும் உறுப்பினர் விதியையும் புரிந்துகொள்ளுங்கள்

நார்வே மலையேற்றச் சங்கம், சுருக்கமாக டிஎன்டி, நாடெங்கும் 500-க்கும் மேற்பட்ட குடில்களை நடத்துகிறது. அவற்றில் மூன்று வகைகள் உண்டு. பணியாளர் உள்ள குடில்களில் இரவு உணவும் காலை உணவும் சமைத்துத் தருவார்கள். தற்சேவைக் குடில்களில் பணியாளர் இல்லை. ஆனால் விறகு, எரிவாயு, பாத்திரம், உணவு இருப்பு எல்லாம் இருக்கும். எடுத்ததை எழுதிவைத்துப் பணம் செலுத்த வேண்டும். மூன்றாம் வகையில் உணவு இருப்பும் கிடையாது. டிஎன்டியைச் சேராத தனியார் மலைவிடுதிகளும் இடையிடையே இருக்கின்றன.

மேற்சொன்ன வட்டப்பாதையில் யெண்டெஸ்ஹைம், கிளிட்டர்ஹைம், யெண்டெபூ மூன்றும் டிஎன்டியின் பணியாளர் குடில்கள்; ஸ்பிட்டர்ஸ்தூலன், லெயிர்வாஸ்பூ, மெமுருபூ மூன்றும் தனியாருடையவை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்களே அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். டிஎன்டியின் முன்பதிவுத் தளத்தில் தனியார் விடுதிகளின் படுக்கைகளைப் பெற முடியாது. அவற்றுக்குத் தனித்தனியாக அந்தந்த விடுதியின் தளத்திலோ மின்னஞ்சலிலோ பதிவு செய்ய வேண்டும். நடந்து வந்து சேர்ந்தவரைத் திருப்பி அனுப்பாமல் தரையிலாவது மெத்தை விரித்து இடம் தருவது டிஎன்டி குடில்களின் மரபு. தனியார் விடுதியிலும் அதையே எதிர்பார்த்துச் செல்லக் கூடாது.

டிஎன்டி உறுப்பினராக நார்வே குடியுரிமை தேவையில்லை. இணையத்தில் யாரும் சேரலாம். வயது வந்தவருக்கு ஆண்டுக் கட்டணம் 800 குரோனரை (நார்வே நாணயம்) ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். இளைஞருக்கும் முதியோருக்கும் குறைவு. உறுப்பினருக்குப் படுக்கையிலும் உணவிலும் தள்ளுபடி உண்டு என்பதால் மூன்று நான்கு இரவுகள் டிஎன்டி குடிலில் தங்கினாலே கட்டணத்தின் பெரும்பகுதி திரும்பிவிடும். முன்பதிவு செய்வதற்கு முன்பே உறுப்பினராகிவிடுங்கள்.

டிஎன்டி சாவி என்று ஒன்றைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பூட்டியிருக்கும் தற்சேவைக் குடில்களைத் திறக்க உறுப்பினர்களுக்குத் தரப்படும் பொதுச் சாவி அது. பணியாளர் குடில்களில் மட்டும் தங்குவதாக இருந்தால் அதற்காக அலைய வேண்டாம். நான்காம் நாளை இரண்டாகப் பிரித்து, லெயிர்வாஸ்பூவுக்கும் யெண்டெபூவுக்கும் இடையே ஓலாவ்ஸ்பூ என்ற தற்சேவைக் குடிலில் ஓரிரவு தங்க விரும்பினால் மட்டுமே சாவியைப் பற்றி எண்ணுங்கள். அதை மலைக்குப் புறப்படுமுன் ஆஸ்லோவிலேயே பெற்றுவிட வேண்டும்.

4. படுக்கைகளை இந்த வரிசையில் பதிவு செய்யுங்கள்

குடில்களின் படுக்கைகள் சங்கிலிபோல ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. ஒரு கண்ணி கிடைக்காவிட்டால் மற்ற தேதிகள் எல்லாம் நகர்ந்தாக வேண்டும். ஆகவே, முதலில் எல்லாக் குடில்களிலும் உங்கள் தேதிகளுக்கு இடம் இருக்கிறதா என்று ஒரே அமர்வில் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை எதற்கும் பணம் கட்ட வேண்டாம். அடுத்து, கிடைப்பதற்கு அரிதானதை முதலில் பிடியுங்கள். பெஸ்ஸெகனுக்கு வரும் கூட்டத்தால் யெண்டெஸ்ஹைமும் மெமுருபூவும் விரைவில் நிரம்பும். அவற்றை உறுதி செய்த பிறகு லெயிர்வாஸ்பூ, ஸ்பிட்டர்ஸ்தூலன், இறுதியாக டிஎன்டியின் மற்ற இரண்டையும் பதிவு செய்யுங்கள். ஜூலைப் பயணத்திற்கு ஜனவரி, பிப்ரவரியில் பதிவு செய்வது மிகையான முன்னெச்சரிக்கை அல்ல.

நடை தொடங்கும் நாளுக்கு முந்திய இரவையும் யெண்டெஸ்ஹைமில் பதிவு செய்யுங்கள். ஆஸ்லோவிலிருந்து பேருந்தில் வந்து இறங்கிய அன்றே 22 கிலோமீட்டர் நடக்க இயலாது. முடியுமானால் ஸ்பிட்டர்ஸ்தூலனில் இரண்டு இரவுகள் வைத்துக்கொள்ளுங்கள். வானிலை கெட்டால் அது ஓய்வு நாள். நன்றாக இருந்தால், வடஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரமாகிய 2,469 மீட்டர் கால்ஹோபிகனுக்கு அங்கிருந்து பனியாற்றைக் கடக்காமலேயே ஒரே நாளில் ஏறி இறங்கலாம். மறுபக்கம் யூவாஸ்ஹிட்டா என்ற விடுதியிலிருந்து செல்லும் பாதை பனியாற்றின் மேல் போவதால் வழிகாட்டியும் கயிறும் இல்லாமல் அதில் கால் வைக்கக் கூடாது.

பதிவு செய்யும்போதே உணவுக் கட்டுப்பாட்டை எழுதுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் முட்டையும் சில வேளை மீனும் வரலாம். இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம், பால் உண்ணலாம் என்று விரித்து எழுதுவது நல்லது. சமையலுக்கான பொருட்களைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் இடத்தில், போய் அமர்ந்த பிறகு மாற்று உணவு கேட்பது சமைப்பவருக்கும் நமக்கும் சங்கடம்.

ஒவ்வொரு விடுதியின் ரத்து விதியையும் தனியே படித்து, எந்தத் தேதி வரை பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். விசா முடிவு வரும் நாளோடு அந்தத் தேதியை ஒப்பிட வேண்டிவரும்.

5. விசாவும் ஆவணங்களும்

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் செங்கன் பகுதியில் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்குச் செங்கன் குறுகியகால விசா தேவை. பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்தாக வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாட்களில் வர வேண்டும் என்பது விதி; அது 45 நாட்கள் வரை நீளவும் விதி இடம்தருகிறது. விண்ணப்பம் கொடுப்பதற்கான நேர ஒதுக்கீடு கோடைக்கு முன் எளிதில் கிடைக்காது என்பதால், படுக்கைகள் உறுதியானவுடனே அதைப் பதிவு செய்துவிடுங்கள். மூன்று மாத இடைவெளி வைத்துக்கொண்டால் மன அமைதியுடன் இருக்கலாம்.

விசாக் கட்டணம் வயது வந்தவருக்கு 90 யூரோ. ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், செங்கனை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பின் மூன்று மாதங்களாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். அதனுடன் புகைப்படம், விமானப் பயணத் திட்டம், தங்குமிட உறுதிச்சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், பயணக் காப்பீடு, பயண நோக்கத்தை விளக்கும் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். மையம் வெளியிடும் பட்டியலே இறுதியானது. அதன் வரிசையிலேயே தாள்களை அடுக்குங்கள்.

குடில் பயணத்திற்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு இரவும் வேறு வேறு பெயருள்ள இடத்தில், நகரமே இல்லாத முகவரியில் தங்குவதாகக் காட்டும் விண்ணப்பம், பார்ப்பவருக்குக் குழப்பமாகத் தெரியும். எனவே தேதி, புறப்படும் குடில், சேரும் குடில், தொலைவு, முன்பதிவு எண் என்ற ஐந்து நெடுவரிசைகளுடன் ஒரு பக்க அட்டவணை தயாரித்து, விளக்கக் கடிதத்திற்கு அடுத்து வையுங்கள். ஓரிரவுகூட விடுபடக் கூடாது. மலைக்கு முன்னும் பின்னும் ஆஸ்லோவில் தங்கும் இரவுகளுக்கும் சான்று வேண்டும். நார்வேயுடன் வேறு செங்கன் நாட்டுக்கும் போவதாக இருந்தால், எங்கே அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

காப்பீட்டுத் தொகை குறைந்தது 30,000 யூரோவாக இருக்க வேண்டும் என்பது விசா விதி. ஆனால் விசாவுக்குப் போதுமான காப்பீடு மலைக்கும் போதும் என்று பொருளல்ல. பல மலிவுக் காப்பீடுகளில் மலையேற்றம் விலக்கப்பட்ட செயல்களின் பட்டியலில் இருக்கும். நார்வேயில் மலையில் சிக்கியவரைத் தேடி மீட்பதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. அதன் பிறகு வரும் மருத்துவமனைச் செலவு வெளிநாட்டுப் பயணிக்கு மிகப் பெரியது. குறியிடப்பட்ட பாதையில் நடக்கும் மலைநடை அடங்கும் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள்.

6. செலவுக் கணக்கு

ஒரு குரோனரை எட்டு ஒன்பது ரூபாய் என்று வைத்துக் கணக்கிடலாம். பொது அறையில் படுக்கை, இரவு உணவு, காலை உணவு, கையில் கட்டிக்கொள்ளும் மதிய உணவு எல்லாம் சேர்த்து, உறுப்பினராக இருந்தால் ஓரிரவுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,600 குரோனர் வரை ஒதுக்குங்கள். நடைக்கு முந்திய இரவிலிருந்து மெமுருபூ வரையிலான ஆறு இரவுகளுக்கு 9,000 குரோனர், உறுப்பினர் கட்டணம், ஆஸ்லோவிலிருந்து போய்வரப் பேருந்து, ஆஸ்லோவில் இரண்டு இரவுகள், தேவைப்பட்டால் ஏறிக்கொள்ளப் படகுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால், விமானமும் விசாவும் நீங்கலாக, ஒருவருக்கு 14,000 குரோனர் வரை ஆகும். ரூபாயில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். குறைக்க வேண்டுமானால் நாட்களைக் குறையுங்கள், உணவைக் குறைக்க வேண்டாம். குளிரில் எட்டு மணி நேரம் நடந்தவருக்கு அந்தச் சூடான இரவு உணவு ஆடம்பரமல்ல.

நார்வேயில் ரொக்கத்தின் புழக்கம் மிகக் குறைவு. அந்நாட்டவர் எல்லோரும் பயன்படுத்தும் விப்ஸ் என்ற செயலி, நார்வே வங்கிக் கணக்கு இல்லாத பயணிக்குக் கிடைக்காது. எனவே பன்னாட்டுப் பரிவர்த்தனை இயக்கப்பட்ட இரண்டு அட்டைகளை, வெவ்வேறு வங்கியினதாக, வெவ்வேறு பையில் வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி வராது.

7. பையில் என்ன வைப்பது

பணியாளர் குடில்களில் மட்டும் தங்குபவரின் பை பத்துக் கிலோவைத் தாண்டத் தேவையில்லை. போர்வையும் தலையணையும் அங்கேயே இருக்கும். ஆனால் அவற்றுக்குள் விரித்துக்கொள்ளப் பைபோல் தைத்த மெல்லிய விரிப்பு ஒவ்வொருவரிடமும் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு பருத்தி வேட்டிகளை மடித்துத் தைத்தாலும் போதும். பட்டில் தைத்தது எடை குறைவு.

விரிப்புக்குப் பருத்தி பொருந்தும், உடலில் உடுத்தப் பொருந்தாது. நனைந்த பருத்தி உலராமல் உடல் வெப்பத்தை இழுத்துவிடும். உடலோடு ஒட்டிய மெல்லிய கம்பளி உள்ளாடை இரண்டு இணை, இடையே ஒரு கம்பளிச் சட்டை, மேலே தண்ணீர் புகாத மழைச்சட்டையும் மழைக்காற்சட்டையும், தொப்பி, கையுறை, தடித்த கம்பளிக் காலுறைகள். ஆகஸ்டிலும் இவை அனைத்தும் தேவைப்படும். காலணி கணுக்காலைப் பிடிக்கும் உயரத்தில், புறப்படுமுன் பல நாட்கள் போட்டுப் பழகியதாக இருக்கட்டும். இவற்றுடன் 1:50,000 அளவுகோல் காகித வரைபடம், திசைகாட்டி, பவர் பேங்க், கொப்புளத்திற்கான ஒட்டுத்துணி, தெர்மாஸ் குடுவை. ஆகஸ்ட் பிற்பகுதி முதல் தலைவிளக்கும் வேண்டும். தண்ணீர் ஒரு லிட்டர் சுமந்தால் போதும். வேகமாக ஓடும் மலை ஓடைகளின் நீரை மக்கள் நேரடியாகவே குடிக்கிறார்கள். பனியாற்றிலிருந்து வரும் பால்நிறக் கலங்கல் நீரையும், ஆடுமாடு மேயும் இடத்திற்குக் கீழே ஓடும் நீரையும் தவிர்த்துவிடுங்கள்.

ஊரிலிருந்து ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துவரலாம். ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரத் தடை இருக்கிறது. நெய்யும் பால்பொடியும் அதில் அடங்கும்.

8. குடிலில் நடந்துகொள்ளும் முறை

வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியை உலர்த்தும் அறையில் தொங்கவிட்டு, பிறகு பதிவு மேசைக்குச் செல்லுங்கள். இரவு உணவு பெரும்பாலும் மாலை ஏழு மணிக்கு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறப்படும். எட்டு மணிக்கு வந்து சேர்ந்தவருக்கு முழு உணவு கிடைக்கும் என்று உறுதி இல்லை. இதற்காகவே காலை எட்டரை மணிக்குள் புறப்பட்டுவிட வேண்டும். காலை உணவு மேசையிலிருந்து ரொட்டி அடுக்கி மதியத்திற்குக் கட்டிக்கொள்வதற்கும் தெர்மாஸ் நிரப்புவதற்கும் தனிக் கட்டணம் உண்டு. பணம் கட்டாமல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டாலும் அது திருட்டாகவே கருதப்படும். ஆகவே முந்தின இரவே சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஓலாவ்ஸ்பூ போன்ற தற்சேவைக் குடிலில் யாரும் உங்களைக் கண்காணிக்க மாட்டார்கள். நீர் மொண்டு வருவது, பாத்திரம் கழுவுவது, தரையைக் கூட்டுவது, அடுப்புச் சாம்பலை அகற்றி அடுத்தவருக்கு விறகு எடுத்து வைப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. உண்ட பட்டாணி டின்னையும் விலைப்பட்டியல் பார்த்து எழுதிப் பணம் செலுத்த வேண்டும். நம்பிக்கையை மட்டுமே கொண்டு இத்தனை குடில்கள் இயங்குகின்றன. அந்த நம்பிக்கை நம்மால் குறைந்துவிடக் கூடாது.

எந்தக் குடிலாயினும் அங்குள்ள பதிவேட்டில் உங்கள் பெயரையும் அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒருவர் வந்து சேரவில்லை என்றால் தேடுபவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான்.

9. மலையில் முடிவெடுக்கும் விதம்

ஒவ்வொரு மாலையும் ‘இர்’ வானிலைச் சேவையில் மறுநாளைய மழையைவிடக் காற்றை முதலில் பாருங்கள். பிறகு குடில் பணியாளரிடம் பாதையின் நிலையைக் கேளுங்கள். அன்று அந்தப் பாதையில் நடந்து வந்தவர்களோடு அவர்கள் பேசியிருப்பார்கள் என்பதால், எந்தச் செயலியையும்விட அவர்கள் சொல் நம்பத்தக்கது. பலத்த காற்றில் பெஸ்ஸெகன் முகட்டில் நடக்கக் கூடாது. நார்வேயின் மலைநெறிகள் ஒன்பதில் ஒன்று, உரிய நேரத்தில் திரும்பிவிடுங்கள், திரும்புவதில் வெட்கம் இல்லை என்று சொல்கிறது. தொலைவிலிருந்து செலவழித்து வந்தவருக்கே அந்த நெறி மிகவும் தேவை.

வெளியேறும் வழிகளையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிட்டர்ஸ்தூலனுக்கும் லெயிர்வாஸ்பூவுக்கும் வாகனச் சாலை இருப்பதால் அங்கிருந்து லோம் ஊருக்கு இறங்கிவிடலாம். யெண்டெபூவிலிருந்தும் மெமுருபூவிலிருந்தும் படகு உண்டு. கிளிட்டர்ஹைமுக்குச் செல்லும் சாலையில் பயணிகளின் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. எனவே உடல்நலம் சரியில்லை என்று முதல் நாளே தோன்றினால், கிளிட்டர்ஹைம் வரை இழுத்துக்கொண்டு போகாமல், பாதி வழிக்குள்ளாகவே யெண்டெஸ்ஹைமுக்குத் திரும்புங்கள்.

மலையின் பல இடங்களில் கைபேசி சிக்னல் கிடைக்காது. வரைபடங்களை ஆஸ்லோவிலேயே பதிவிறக்கி வையுங்கள். மலைமீட்புக்கு 112, மருத்துவ அவசரத்திற்கு 113 என்ற எண்களை அழையுங்கள்.

10. போகவும் திரும்பவும் வண்டி

கோடையில் ஆஸ்லோவிலிருந்து ஃபாகர்னெஸ், பெய்டோஸ்தோலன் வழியாக யெண்டெஸ்ஹைமுக்குப் பேருந்தில் செல்லலாம். ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணம். ரயிலில் ஓட்டா வரை சென்று அங்கிருந்து பேருந்து பிடிக்கும் வழியும் உண்டு. மலைக்கு ஏறும் இறுதிப் பகுதியின் பேருந்து கோடைக் கால அட்டவணையில் மட்டுமே ஓடுவதால், உங்கள் தேதியில் அது இருக்கிறதா என்று படுக்கைகளைப் பதிவு செய்யும்போதே பார்த்துவிட வேண்டும். சொந்தக் காரில் வருபவர்கள் ஏரிக்கரையில் பல நாட்கள் நிறுத்த முடியாது. சற்று முன்னால் ரெய்ன்ஸ்வாங்கனில் நீண்டநாள் நிறுத்துமிடம் இருக்கிறது, அங்கிருந்து சிற்றுந்து வரும்.

கடைசி நாளில் மெமுருபூவிலிருந்து கிளம்பும்போது பெரிய பையைப் படகில் யெண்டெஸ்ஹைமுக்கு அனுப்பிவிட்டு, மழைச்சட்டை, கூடுதல் கம்பளி, உணவு, தண்ணீர் மட்டும் சிறு பையில் எடுத்துக்கொண்டு பெஸ்ஸெகனில் ஏறலாம். இதற்குப் படகுக்காரரிடம் முந்தின மாலையே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றே ஆஸ்லோ திரும்புவதாகத் திட்டமிட்டால், முகட்டில் கூட்டம் சேர்ந்து நெரிசலாகும்போது பேருந்தைத் தவறவிடுவீர்கள். யெண்டெஸ்ஹைமில் இன்னோர் இரவு தங்கி, மறுநாள் காலைப் பேருந்தில் இருக்கை பதிவு செய்து, விமானத்தை அதற்கும் அடுத்த நாளில் வையுங்கள்.